சொந்தக் கருத்தில் தேறாதவர்

மின்தூக்கிகளைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் அவர் கணினிப் பிரிவின் தலைவர். பிரிவில் இருந்ததே அவர் ஒருவர்தான் என்பதால் தலையும் அவரே, வாலும் அவரே. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி அலுவலகம் முழுக்க அவருக்குக் 'கருத்து சார்' என்றுதான் பெயர்.

பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டால் உடனே வருவார். ஓட வைப்பார். ஆனால் பிரிண்டர்களைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லாமல் இடத்தைவிட்டு நகர மாட்டார். பழுது பார்க்க ஆகிற நேரத்தைவிடக் கருத்துக்கு ஆகிற நேரம் கூடுதல். அதற்குப் பயந்தே சிலர் பிரிண்டர் ஓடாவிட்டாலும் போகிறதென்று கையால் எழுதிக்கொண்டார்கள்.

"கம்ப்யூட்டர்ங்கிறது தண்ணிக் குழாய் மாதிரி இருக்கணும் சார்" என்பார். "தொறந்தா வரணும், மூடுனா நிக்கணும். குழாய் என்னைக்காவது, 'என்கிட்ட தண்ணி பிடிச்ச அனுபவம் எப்படி இருந்துச்சு, நட்சத்திரம் குடுங்க'ன்னு கேட்டிருக்கா?"

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர் சிரிக்க மாட்டார். அவருக்கு இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அலுவலகத்தில் லீவு கேட்க ஒரு செயலி, பழுது பற்றிச் சொல்ல ஒரு செயலி, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல மட்டும் தனியாக ஒரு செயலி. எல்லாவற்றையும் நிறுவியது அவர் கைதான். நிறுவிய கையோடு, இதெல்லாம் எதற்கு என்று வயிறெரிந்ததும் அவர்தான். எதிர் மேசைக்காரர் செயலியில் செய்தி அனுப்பிவிட்டு எழுந்து வந்து, "மெசேஜ் போட்டேனே, பாத்தீங்களா?" என்று கேட்கும்போதெல்லாம் இவர் தலையில் அடித்துக்கொள்வார்.

இணையவழிப் பாடங்களைப் பற்றிய கருத்து இன்னும் காரம். "வீடியோ பாத்து ஒருத்தன் எதையாவது கத்துக்கிட்டான்னு காட்டுங்க, நான் வேலைய விட்டுடறேன். எக்கச்சக்கமா மாட்டிக்கிட்டு முழிக்கும்போது பக்கத்துல இருக்கிறவனக் கேப்பான் பாருங்க, அதுதான் கத்துக்கிறது. அது சாகிற வரைக்கும் மறக்காது."

வீட்டில் மனைவிக்கும் கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் இவை பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. காதில் விழும், மனதில் ஏறாது என்று அவர்களே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் "இது தெளிவா தெரியுதா, இல்ல இது தெளிவா தெரியுதா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், கேள்வியே கேட்காமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் முதலாளி ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். மாநாட்டுக்குப் போன முதலாளியும் மழையில் நனைந்த பஞ்சும் ஒன்று, திரும்பி வரும்போது கனம் கூடியிருக்கும். இவர் ஒரு கற்றல் தளத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஊழியர்கள் அத்தனை பேரும் அதில் பாடம் கேட்டுத் தேர்வு எழுத வேண்டும். தளத்தின் பெயர் 'ஏணி'.

"லிஃப்ட் விக்கிற கம்பெனிக்கு ஏணியா?" என்று கருத்து சார் கேட்டார்.

தளத்தைக் கவனித்துக்கொள்ளப் புதிதாக ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். எல்லோரும் 'பயிற்சி மேடம்' என்று கூப்பிட்டார்கள். கெட்ட செய்தியைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டே சொல்கிற முகம் அவருக்கு. முதலாளியின் உத்தரவுப்படி தேர்வில் தேறாதவர்களுக்கு முக்கியமான அறைகளின் கதவு திறக்கக் கூடாது. கதவுகளையும் ஏணியையும் இணைக்கிற வேலை கருத்து சார் தலையில் விழுந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே இணைத்தார். வேலை சுத்தமாக இருந்தது. அவர் எதைத் திட்டினாலும் வேலையில் குறை வைக்க மாட்டார். அதுதான் அவருக்கு வினையாக முடிந்தது.

ஒருநாள் பயிற்சி மேடம் கையில் போனுடன் அவர் அறைக்கு வந்தார். சர்வர்கள் இருக்கும் உள்ளறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே இருந்த சின்ன அறை அது. ஜன்னல் கிடையாது. பழைய கதவு உருளைகளும் இரும்புக் கயிற்றுத் துண்டுகளும் மூலையில் குவிந்திருக்கும். குளிருக்காக அவர் வருடம் முழுக்க ஒரே பழுப்பு நிற ஸ்வெட்டர் போட்டிருப்பார்.

"சார், நம்ம ஆஃபீஸ் டெக்னாலஜி பத்தி, ஏணி பத்தி, உங்களுக்கு நிறைய கருத்து இருக்குன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?"

"எல்லாரும்."

அவர் முகம் மலர்ந்தது. கருத்து சொல்லாதே என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். சொல்லுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் இதுவரை யாரும் இல்லை. போன் பதிவு செய்கிறதென்பது அவருக்குத் தெரியும். புகார் மேலிடத்துக்குப் போகப் போகிறதென்று நினைத்துக்கொண்டார். மடை திறந்தது. செயலிகளில் தொடங்கி ஏணிக்கு வந்து, ஏணியை உதை உதையென்று உதைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி உதைத்தார். நடுவில் தும்மினார். முடிக்கும்போது தொண்டை கட்டியிருந்தது.

"சூப்பர் சார்" என்றார் பயிற்சி மேடம், சிரித்துக்கொண்டே.

அடுத்த வாரம் ஏணியில் புதிய பாடம் ஒன்று வந்தது. 'பணியிடத் தொழில்நுட்பமும் இணையவழிக் கற்றலும்: ஒரு நிபுணரின் பார்வை.' அனைவருக்கும் கட்டாயம். படத்தில் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவர் ஆட்காட்டி விரலை உயர்த்தியபடி உறைந்திருந்தார்.

கருத்து சார் பயிற்சி மேடத்திடம் ஓடினார். "என்னம்மா இது? வீடியோவால பிரயோஜனம் இல்லன்னு நான் சொன்னத வீடியோவா போட்டிருக்கீங்க!"

"ஆமா சார். முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வெளியில வாங்கின பாடமா போடாம நம்ம ஆளையே வச்சுப் போட்டதுல அவருக்கு ஏக சந்தோஷம்."

"அவர் கேட்டாரா, நான் என்ன சொல்லியிருக்கேன்னு?"

"பாத்தாரு சார். சவுண்ட் இல்லாம. உங்க கை அசைவு நல்லா இருக்குன்னாரு."

தேர்வுக் கேள்விகளை ஏணியே தயாரித்திருந்தது. அனைவருக்கும் கட்டாயம் என்றால் அவருக்கும் கட்டாயம்தான். தன் பேச்சைத் தானே உட்கார்ந்து கேட்க அவருக்குப் பைத்தியமா என்ன? பாடத்தைத் தாண்டி நேராகத் தேர்வுக்குப் போனார்.

முதல் கேள்வி: நிபுணர் கணினியை எதனுடன் ஒப்பிடுகிறார்? அவர் கண்ணை மூடிக்கொண்டு 'குழாய்' என்று அமுக்கினார். தவறு. பயிற்சி மேடத்திடம் பேசிய அன்று அவர் வாயில் வந்தது செருப்பு. 'போட்டிருக்கோம்ங்கிறதே தெரியக் கூடாது' என்று செருப்பைச் சொல்லியிருந்தார்.

அடுத்த கேள்வி: ஊழியர் எப்போது கற்கிறார்? சிக்கலில் மாட்டும்போது, பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும்போது, சிக்கலில் மாட்டிப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும்போது, மேற்கண்ட அனைத்தும். அவர் ஸ்வெட்டர் நுனியைத் திருகியபடி யோசித்தார். நான்குமே அவர் கருத்துதான். எதை விட்டுக்கொடுப்பது? 'அனைத்தும்' என்றார். அதுவும் தவறு. நிபுணர் எந்த வாதத்தின் நடுவே தும்மினார் என்ற கேள்விக்கு அவர் பதிலே போடவில்லை. அவமானமாக இருந்தது.

திரையில் பரிவுடன் எழுத்துகள் வந்தன: 'நீங்கள் தேறவில்லை. மனம் தளர வேண்டாம். நிபுணரின் உரையைப் பொறுமையாக மீண்டும் கேளுங்கள். அவர் சொல்வதில் ஆழம் உண்டு.'

சர்வர் அறைக் கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையை எத்தனை தரம் காட்டினாலும் அது அசைந்து கொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ ஒன்று படுத்துவிட்டது. மெயில் நின்றது. மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து வராந்தாவில் கூடினார்கள்.

தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர் கணக்கர். கணினியைத் தொடும் முன் கை கழுவிவிட்டு வருகிற மனிதர் அவர்; அதன்மேல் அவ்வளவு பயம். அவர் அட்டையைக் காட்டியதும் விளக்கு பச்சையாகி, கதவு கும்பிடு போட்டுத் திறந்தது. வேறு வழியில்லாமல் அவரை உள்ளே அனுப்பிவிட்டு, கருத்து சார் கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"பச்சை லைட்டா எரியுதா?" என்று கத்தினார்.

"எல்லாமே பச்சையாத்தான் எரியுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணு மட்டும் எரியாம இருக்கும் பாருங்க."

"எரியாதத எப்படி சார் பாக்கிறது?"

"எரியிறதுக்குப் பக்கத்துல இருக்கும்!"

"எரியிறதுக்குப் பக்கத்துலயும் எரியிறதுதான் சார் இருக்கு."

கடைசியில் கணக்கர் எதன்மீதோ கை வைத்தார், எதையோ பிடுங்கினார், எதையோ செருகினார். மெயில் வந்துவிட்டது. அதோடு, ஏன் என்று யாருக்கும் தெரியாமல், மூன்றாவது மாடி பிரிண்டரிலிருந்து யாரோ எப்போதோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகைகள் வரத் தொடங்கின. கணக்கர் வெளியே வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க வீடியோவுல சொன்னது சரிதான் சார். மாட்டிக்கிட்டாத்தான் கத்துக்க முடியுது" என்றார்.

கருத்து சாருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரோடு, வீட்டில் மறுபடி தேர்வுக்கு உட்கார்ந்தார். முதலில் உரையைக் கேட்க முயன்றார். படத்திலிருந்த ஆள் பேசத் தொடங்கியதுமே எரிச்சலாக இருந்தது. "எதுக்கு இந்த ஆளு ஒரே விஷயத்தத் திருப்பித் திருப்பிச் சொல்றான்?" என்றார்.

மனைவியும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா, கேள்விய மட்டும் படிங்க" என்றாள் மகள்.

அவர் படித்தார். காய் நறுக்கிக்கொண்டே மனைவி பதில் சொன்னார். கணினி எதைப் போல இருக்க வேண்டும்? "குழாய்னு ஒரு நாள் சொல்லுவீங்க, செருப்புன்னு ஒரு நாள் சொல்லுவீங்க. கோவமா இருந்தா செருப்பு." நிபுணர் எப்போது கண்ணாடியைக் கழற்றுகிறார்? "பதில் இல்லாத எடத்துல." எந்த வாதத்தின் நடுவே தும்மினார்? "பிறந்தநாள் ஆப் பத்திப் பேசும்போது. அந்தப் பேச்ச எடுத்தாலே உங்களுக்குத் தும்மல் வரும்."

அத்தனையும் சரி. அவர் வாயைப் பிளந்தார். "உனக்கெப்படி இவ்வளவும் தெரியும்? நீதான் காதுலயே வாங்க மாட்டியே!"

"நான் எங்கங்க வாங்கினேன்? நீங்க போட்டுட்டுப் போனது, உள்ள கெடக்கு."

அது வெறும் பயிற்சித் தேர்வு. ஒருமுறை தேறாதவர்கள் மறுபடி எழுதுகிற உண்மையான தேர்வில் கேமரா உண்டு. எழுதுகிறவர் முகம் தெரிய வேண்டும். கொள்கைக்காரரான அவர் முதலில் மறுத்தார். பிறகு சர்வர் அறைக் கதவின் சிவப்பு விளக்கு கண்ணில் வந்து நின்றது. மனைவி மேசைக்கு அடியில் தலையணை போட்டு உட்கார்ந்தார். மகள் மேசைவிரிப்பை இழுத்துவிட்டு மறைத்தாள். அவர் கேள்வியைத் தனக்குத்தானே படிப்பதுபோல் உரக்கப் படிக்க வேண்டியது, மனைவி சரியான பதில் முதலாவதென்றால் வலது காலையும் இரண்டாவதென்றால் இடது காலையும் கிள்ள வேண்டியது, மூன்றாவதற்கு வலது முழங்கால், நான்காவதற்கு இடது முழங்கால். ஏற்பாடு பிரமாதமாகத்தான் போனது. கடைசிக் கேள்வியில் மனைவி கொஞ்சம் அழுத்திக் கிள்ளிவிட்டார். அவர் "ஐயோ!" என்று கத்திவிட்டார்.

ஏணி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் திரையில் சக்கரம் சுழன்றது. பிறகு சிவப்பு எழுத்துகள் வந்தன: 'தேர்வு நிறுத்தப்பட்டது. உங்கள் முகமும் குரலும் நிபுணரை ஒத்திருக்கின்றன. நிபுணராக ஆள்மாறாட்டம் செய்ததாகச் சந்தேகிக்கிறோம்.'

மேசைக்கு அடியிலிருந்து மனைவி கேட்டார்: "பாஸாயிட்டீங்களா?"

திங்கட்கிழமை விசாரணை. முதலாளியின் அறையில் முதலாளி, பயிற்சி மேடம், கருத்து சார். சுவரில் பெரிய திரை. அதில் விரல் உயர்த்திய நிபுணர். விதிப்படி நிபுணரையும் சந்தேக நபரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்றார் பயிற்சி மேடம், வருத்தமான சிரிப்போடு.

"அது நான்தாம்மா! நீங்கதான எடுத்தீங்க!"

"எனக்குத் தெரியும் சார். ஆனா ஏணிக்குத் தெரியணுமே."

முதலாளி முதல் முறையாக ஒலியோடு உரையைக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். திரையிலிருந்த நிபுணர் லீவு செயலியைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"ஆபத்தான மனுஷனா இருக்காரே" என்றார் முதலாளி. "ஆனா என்ன தெளிவு பாருங்க!"

"இதத்தான் சார் நான் நாலு வருஷமா உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"நீங்க சொன்னீங்க. ஆனா இவர் மாதிரி சொல்லல."

பயிற்சி மேடம் தொண்டையைச் செருமினார். இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. பாடத்தைப் படித்து முடித்த ஊழியர்கள் எல்லாரும் கருத்துப் பகுதியில் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: இந்தப் பாடம் மிக அருமை, இதைப் பார்த்த பிறகுதான் இந்த மாதிரிப் பாடங்களால் பிரயோஜனம் இல்லை என்று புரிந்தது. பிறந்தநாள் செயலியைப் பாதிப் பேர் போனிலிருந்தே நீக்கிவிட்டார்கள். மாடியில் மறுபடி எழுந்து நடந்துபோய் ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

கருத்து சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மெல்லத் தளர்ந்தார். வீடியோ பார்த்து ஒருவரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பதை அத்தனை பேரும் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர் சொன்னது சரி என்றால் தப்பு. தப்பு என்றால் சரி. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

ஏணியின் சக்கரம் சுழன்று நின்றது. 'ஒப்பீடு முடிந்தது. இருவரும் ஒரே நபர் அல்ல. நிபுணர் உறுதியுடன் பேசுகிறார். சந்தேக நபரிடம் தயக்கம் தெரிகிறது.'

"கொஞ்சம் தயக்கம் தெரியத்தான் செய்யுது" என்றார் முதலாளி, அவரை உற்றுப் பார்த்தபடி.

ஆனால் முதலாளி கெட்டவர் இல்லை. ஒரு நிபுணர் சொல்லிவிட்டால் கேட்கிற மனிதர். நிபுணர் ஏணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், எனவே ஏணியை எடுத்துவிடச் சொன்னார். கதவுகளும் பழைய மாதிரி ஆகட்டும் என்றார். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் ஆட்கள் கற்கிறார்கள் என்பதால், இனி தினமும் சாப்பாட்டு நேரத்தில் கருத்து சார் கேன்டீன் வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார வேண்டும், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றும் உத்தரவு போட்டார். அந்த நேரத்துக்குப் பொறுப்பு பயிற்சி மேடம்.

ஏணியைக் கழற்றிய அன்று கருத்து சார்தான் எல்லாவற்றையும் அழித்தார். தன் உரைக்கு வந்தபோது மட்டும் கை நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னதை ஒரு அலுவலகமே முழுசாகக் கேட்டிருக்கிறது. சுற்றும் முற்றும் பார்த்தார். அழித்துவிட்டார். அன்று வீட்டில் அவர் அதிகம் பேசவில்லை. மனைவி பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

கேன்டீன் வாசல் மேசைக்கு முதல் சில நாள் ஒருவரும் வரவில்லை. அதற்குப் பின் வந்த ஒருவரும், "சார், நீங்க பேசுற வீடியோ இருந்தா அனுப்பிடுங்களேன், சாவகாசமாப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பயிற்சி மேடம் சிரித்த முகத்தோடு பக்கத்தில் நின்றார்.

பிறகு மின்தூக்கி மெக்கானிக் ஒருவர் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். கையில் கிரீஸ் நாற்றம். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"சார், ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ஒருத்தர் பட்டன அமுக்கி, லைட் எரிஞ்சு, லிஃப்ட் வந்துக்கிட்டே இருக்கு. அப்புறமா வர்றவரு அதே பட்டன மறுபடி அமுக்குறாரு. அவருக்கும் தெரியும் லைட் எரியுதுன்னு. ஏன் சார் அமுக்குறாரு?"

கருத்து சார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. குழாயும் வரவில்லை, செருப்பும் வரவில்லை.

"தெரியலையே" என்றார். சொல்லிவிட்டு அவரே அதிர்ந்துபோனார். பயிற்சி மேடத்தின் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு நின்றே போனது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

"தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் சார் வர்றேன்?"

இருவரும் எழுந்து மின்தூக்கிப் பக்கம் போனார்கள். சுவரோரம் நின்று ஆட்கள் வருவதைப் பார்த்தார்கள். கணக்கர் வந்து, எரிந்துகொண்டிருந்த பட்டனை அமுக்கிவிட்டு, "என்ன சார், லிஃப்டுக்கா நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றார் கருத்து சார். "நீங்க இப்ப எதுக்கு அமுக்கினீங்க?"

கணக்கர் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. அவரும் அவர்களோடு சேர்ந்து நின்றுகொண்டார்.